300 மீட்டர் தாண்டினால் எல்லாக் குண்டும் முதுகுக்கு மேலே போகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

குறிதவறியான்:
வணக்கம். மூன்று நாளாக இதே தலைவலி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

கணினியில் 'தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்' என்ற வேட்டை விளையாட்டு ஆடுகிறேன். இப்போது இருப்பது அதில் சில்வர் ரிட்ஜ் பீக்ஸ் என்ற களம், கொலராடோ மலைப்பக்கம் மாதிரி. புல்வெளியில் மேயும் ப்ராங்ஹார்னை (மான் மாதிரி ஒரு விலங்கு) தூரத்திலிருந்து அடிக்கவேண்டும் என்று ஆசை. ஆசை என்ன ஆசை, என் பெரியம்மா பையன் 300 மீட்டருக்கு மேல் அடித்த படத்தை வாட்ஸப்பில் போட்டு உசுப்பேற்றிவிட்டான்.

துப்பாக்கி ரீஜென்ட் மேக்னம் 7 மி.மீ., 8 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் வாங்கிவிட்டேன். மேட்டின் உச்சியில் படுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துத்தான் சுடுகிறேன். நேற்று மட்டும் பதினொரு தோட்டா. 338 மீட்டர், 326, 351 என்று வெவ்வேறு தூரம். ஒன்றுகூடப் படவில்லை. கூட்டம் மொத்தமும் ஓடிப்போனதுதான் மிச்சம்.

ஒரு வீடியோவில் '300-க்கு மேல் என்றால் முதுகுக்கு மேலே ஒரு உடம்பளவு தூக்கிக் குறிவை' என்றார்கள். அப்படித்தான் வைக்கிறேன். பக்கத்தில் எனக்குப் பிரச்சினையே இல்லை. போன வாரம்கூட 160 மீட்டரில் இரண்டு மியூல் மான், நின்ற இடத்திலேயே விழுந்தன. காற்றுதான் குண்டைத் தள்ளுகிறதோ?

அரைடிக்கெட்:
காற்றேதான் ப்ரோ. திரையில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் இல்லையா, அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக் குறிவைத்துப் பாருங்கள்.

மலைமுகடு:
இல்லை தம்பி, இந்த விளையாட்டில் காற்று உங்கள் வாசனையை விலங்கின் மூக்குக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். குண்டைத் தொடாது. நிஜத் துப்பாக்கி என்றால் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் 300 மீட்டருக்குள் 15 செ.மீ. போல ஒதுங்கும். இங்கே அந்தக் கவலை வேண்டாம்.

குறிதவறியானுக்கு மூன்று கேள்வி. மண் தெறிப்பது விலங்குக்கு முன்னாலா, பின்னாலா? ஜீரோயிங் பெர்க் (துப்பாக்கி எத்தனை மீட்டருக்குச் சரியாகச் சுடவேண்டும் என்று மாற்றவிடும் கூடுதல் திறன்) எடுத்திருக்கிறீர்களா, எடுத்திருந்தால் இப்போது எந்த எண்ணில் நிற்கிறது? அந்த இரண்டு மியூல் மானுக்கும் அறுவடைத் திரையில் (விழுந்த விலங்கை எடுக்கும்போது வருவது) எந்த உறுப்பில் பட்டதாகக் காட்டியது?

இரவுப்பூனை:
சம்பந்தமில்லாத கருத்துதான், இருந்தாலும் சொல்கிறேன். 350 மீட்டர் எதற்கு? குனிந்து குனிந்து 120-க்குப் போய்ச் சுடுவதில்தானே இந்த விளையாட்டின் ருசியே. நான் ஒரு ஆட்டுக்காக முக்கால் மணி நேரம் தவழ்ந்திருக்கிறேன்.

குறிதவறியான்:
@இரவுப்பூனை, ப்ராங்ஹார்னிடம் அது நடக்கவில்லை அண்ணா. வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதர் இல்லை. தலையைத் தூக்கினாலே கண்டுபிடித்துவிடுகிறது.

@மலைமுகடு, மண் பின்னால்தான் தெறிக்கிறது. ரொம்பப் பின்னால். ஜீரோயிங் எடுத்துவிட்டேன், இரண்டு வாரம் இருக்கும். எண்ணைப் பார்த்தேன், 300. எடுத்த அன்றைக்கு மாற்றி வைத்தது, அப்புறம் தொடவில்லை. மியூல் மான் இரண்டுக்குமே முதுகெலும்பு என்று காட்டியது. நெஞ்சின் நடுவில்தான் குறிவைத்தேன். விழுந்துவிட்டதே, அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

மலைமுகடு:
அது அதிர்ஷ்டம் இல்லை, அப்போதே துப்பாக்கி உங்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது.

ஜீரோ என்பது குண்டின் பாதையும் ஸ்கோப்பின் பார்வைக்கோடும் சந்திக்கும் தூரம். பெர்க் எடுக்காதவர்களுக்கு ரைஃபிள் 150-இல் நிற்கும். எடுத்தால் 75, 150, 300 என்று மாற்றிக்கொள்ளலாம். 300-இல் வைத்தால் குழல் கொஞ்சம் வானம் பார்த்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு முதலில் பார்வைக்கோட்டுக்கு மேலே ஏறி, அப்புறம் இறங்கி, 300-இல் கோட்டைத் தொடும். நடுவில் 160 மீட்டரில் அது மேலேதான் பறந்துகொண்டிருக்கும். அதனால்தான் நெஞ்சில் வைத்தது முதுகெலும்பில் பட்டது.

நிஜ மேக்னம் ரைஃபிளின் கணக்கைச் சொல்கிறேன், தோராயம்தான். விளையாட்டில் எண்கள் அச்சாக இப்படியே இருக்காது, போக்கு இதுதான். 300-இல் ஜீரோ வைத்தால் 150, 200 மீட்டரில் குண்டு 15 செ.மீ. உயரமாகப் போகும். 150-இல் ஜீரோ வைத்துவிட்டு 340-இல் சுட்டால் அரை மீட்டர் தாழ்ந்துவிடும். அதே 340-ஐ 300 ஜீரோவில் சுட்டால் 12 செ.மீ.தான் தாழும்.

இப்போது அந்த வீடியோவுக்கு வருவோம். ப்ராங்ஹார்னின் நெஞ்சு முதுகிலிருந்து அடிவரை 38 செ.மீ. போல இருக்கும். முதுகுக்கு மேலே ஒரு உடம்பளவு என்றால் நெஞ்சின் நடுவிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே. 150 ஜீரோக்காரருக்கு அது சரியான பாடம், அவர் துப்பாக்கி 150-இல் இருந்திருக்கும். நீங்கள் 300-க்கு மாற்றியும் விட்டீர்கள், மேலே தூக்கியும் வைக்கிறீர்கள். ஒரே கடனை இரண்டு தடவை அடைக்கிறீர்கள்.

குறிதவறியான்:
அடக் கடவுளே. அந்த வீடியோவில் ஜீரோ பற்றி ஒரு வார்த்தை இல்லை!

நெட்டைமரம்:
இன்னொன்றும் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. மேட்டின் உச்சியிலிருந்து என்றீர்களே, சரிவு எவ்வளவு செங்குத்து? கீழ்நோக்கிச் சுடும்போது ரேஞ்ச்ஃபைண்டர் காட்டுவது சாய்வான தூரம். குண்டு இறங்குவது ஏறக்குறைய கிடைத்தூரத்தின் கணக்கில். 25 பாகைச் சரிவில் 340 என்று காட்டினால் கிடைத்தூரம் 308தான். அதாவது கிட்டத்தட்ட உங்கள் 300 ஜீரோ தூரத்திலேயே விலங்கு நின்றிருக்கிறது. நெஞ்சில் வைத்துச் சுட்டாலே போதுமாக இருந்திருக்கும். மேல்நோக்கிச் சுட்டாலும் இதே கதைதான், அதுவும் உயரமாகத்தான் போகும். பலர் அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

குறிதவறியான்:
சரிவு பலமான சரிவுதான். கீழே ஓடை, அதற்கு அந்தப் பக்கம் மேய்ச்சல்.

அரைடிக்கெட்:
காற்று விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன் 🙂 ஆனால் மேய்ந்துகொண்டே நடக்கும் விலங்கை எப்படி? எனக்கு எப்போதும் வயிற்றில்தான் படுகிறது.

மலைமுகடு:
நடந்தால் சுடாதீர்கள், அதுதான் என் பதில். 350 மீட்டர் போக மேக்னம் குண்டுக்கும் அரை நொடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். சும்மா உலாத்துகிற விலங்கே நொடிக்கு ஒன்றரை மீட்டர் நகர்ந்தால், குண்டு போய்ச் சேர்வதற்குள் 60, 70 செ.மீ. முன்னால் போயிருக்கும். நுரையீரலில் வைத்தது வயிற்றில் படுவது இதனால்தான். முன்னால் தள்ளிக் குறிவைக்கலாம், ஆனால் அதே நொடியில் அது நின்றுவிட்டால்? புல்லைக் கடிக்கத் தலை குனியும்போது இரண்டு மூன்று நொடி அசையாமல் நிற்கும், அந்த நேரம்தான் உங்களுடையது. பக்கவாட்டில் நிற்கிறதா என்றும் பாருங்கள். தூரம் கூடக்கூடக் குண்டின் வேகமும் ஊடுருவலும் குறையும். அவ்வளவு தூரத்திலிருந்து முன்தோள் எலும்பில் மோதினால் உள்ளே போகுமா என்பது நிச்சயமில்லை. தோளுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் வையுங்கள்.

படுத்துச் சுடுவது நல்லது. ஆனால் மேடு ஏறி ஓடி வந்த மூச்சோடு படுத்தால் பயனில்லை. இதயத்துடிப்பு இறங்கும்வரை பேசாமல் கிடங்கள். அதற்குள் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம் பார்த்துவிடலாம்.

நாளைக்குப் போனதும் விலங்கைத் தேடாதீர்கள். 300 மீட்டரில் ஒரு வெளிறிய பாறையைப் பாருங்கள், முடிந்தவரை சமதளத்தில். 300 ஜீரோவில் பாறையின் நடுவே சுட்டு, எங்கே புழுதி கிளம்புகிறது என்று கவனியுங்கள். அப்புறம் 350-இல் ஒரு பாறை. இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் உங்கள் துப்பாக்கி உங்களுக்குப் பழகிவிடும். சத்தத்துக்கு விலங்கெல்லாம் ஓடிவிடும், பரவாயில்லை, பாடம் நடத்துகிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பூனை:
சுடுவதற்கு முன்னால் விலங்கு நிற்கும் இடத்தில் வரைபடத்தில் ஒரு குறி போட்டுவையுங்கள். தூரத்து வேட்டையில் அடிப்பதைவிட விழுந்ததைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. மேட்டிலிருந்து பார்த்தால் புல் மொட்டையாகத் தெரியும், கிட்டே போனால் இடுப்பளவு இருக்கும்.

குறிதவறியான்:
(இரண்டு நாள் கழித்து)

மலைமுகடு அண்ணா சொன்னபடி முதல் நாள் பாறைகளோடு மட்டும் சண்டை போட்டேன். 300-இல் வைத்த இடத்திலேயே புழுதி. 350-இல் குறியிலிருந்து சற்றுக் கீழே, ஒரு ஜாணுக்குள் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் நான் எவ்வளவு மேலே சுட்டுக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது.

இன்று காலை அதே மேடு, அதே ஓடை. ஏழு ப்ராங்ஹார்ன். ரேஞ்ச்ஃபைண்டரில் 341. சரிவைக் கழித்துக்கொண்டு, தூக்காமல், தோளுக்குப் பின்னால் நேராக வைத்தேன். கை மேலே இழுக்கிறது, பழக்கதோஷம். கிடா தலை குனிந்தது, சுட்டேன். மற்ற ஆறும் ஓடின, இது நாலு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டது. திரையில் இரண்டு நுரையீரலும்!

குறி போடத்தான் மறந்துவிட்டேன். ஓடையைத் தாண்டிப் போனால் எல்லாப் புல்லும் ஒன்றுபோலவே இருக்கிறது. கால்தடம் தேடித் தேடிப் பத்து நிமிடம். கடைசியில் ரத்தத்துளி ஒன்று கிடைத்தது, நுரை நுரையாக, அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

இரவுப்பூனை:
சொன்னேனா இல்லையா.

குறிதவறியான்:
படத்தைப் பெரியம்மா பையனுக்கு அனுப்பினேன். 'என்னுடையது எல்க் (பெரிய மான் வகை), உன்னுடையது ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது' என்கிறான். எல்க்குக்கு இதே செவன் எம்எம் தாங்குமா, இல்லை வேறு துப்பாக்கிக்குக் காசு சேர்க்கவேண்டுமா?

மலைமுகடு:
தாங்கும். எல்க்கின் நெஞ்சு 60 செ.மீ.க்கு மேல், ப்ராங்ஹார்னைவிட உங்களுக்கு இடம் தாராளம். ஆனால் முதல் எல்க்கை 350-இல் முயலாதீர்கள், 250-க்குள் வரட்டும். அப்போது ஜீரோவை 150-க்கு இறக்கிவிட்டு நெஞ்சின் நடுவிலேயே வையுங்கள்.

குறிதவறியான்:
இப்போதே இறக்கிவிட்டேன். மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டும் ஒட்டியாகிவிட்டது: 'ஜீரோ எத்தனை?'