வேலை நடுவில் பாட்டு ஓடினால் உங்களுக்கு ஒத்துவருமா?

கேள்வி:
பாத்திரம் தேய்க்க, துணி மடிக்க எனக்குப் பாட்டு ஓடியே ஆகவேண்டும். அதுவும் தபேலா தூக்கலாக இருக்கிற பழைய பாட்டு. கணக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் அதே பாட்டு எரிச்சலாகிவிடுகிறது. கை கூட்டல் போடும், வாய் சரணத்தை முணுமுணுக்கும், கடைசியில் தொகை இடிக்கும். உங்களுக்கும் இப்படியா?

பதில்:
வரிகள்தான் வில்லன். காதில் விழுகிற சொல்லும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிற எண்ணும் முட்டிக்கொள்கின்றன. புரியாத மொழிப் பாட்டோ வெறும் புல்லாங்குழலோ போட்டுப் பாருங்கள்.

பதில்:
எனக்குக் குழலும் ஆகாது. ஆலாபனை தொடங்கினால் வேலை அம்பேல்! நடக்கும்போது மட்டும் நிமிடத்துக்கு 120 தட்டு வருகிற பாட்டு. கால் தானாகத் தாளத்தில் விழுந்துவிடும்.

கேட்டவர்:
அப்போ குழலை முயன்று பார்க்கிறேன். மிக்ஸி ஓடும்போது ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டுகிறேன், பரவாயில்லையா?

பதில்:
வேண்டாமே. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். மிக்ஸி நிற்கும்வரை பாட்டை நிறுத்திவையுங்கள்.