ஹிஜாபைப் பற்றி யாரோ சொன்னதோ செய்ததோ இன்னும் மனதை விட்டுப் போகவில்லையா? பகிருங்கள்

வெண்மேகம்
வேலைக்கான நேர்காணல். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கடைசியில் நேர்காணல் எடுத்த அம்மா குரலைத் தாழ்த்தி, "வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்களாம்மா?" என்றார். என் அம்மா முக்காடு போடுவதே தொழும்போது மட்டும்தான். நான் ஹிஜாப் போட ஆரம்பித்தபோது வீட்டில் எதிர்ப்புதான் இருந்தது. "இல்லை மேடம், நானேதான்" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் சொன்னதை நம்பவில்லை என்று அந்தத் தட்டலிலேயே தெரிந்துவிட்டது. வேலை கிடைத்தது, சரி. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பரிவோடு கேட்பவரிடம் என்ன சொல்வது?

மழைத்துளி
எனக்கு வெளியாட்களால் இல்லை, நம்மவர்களால்தான். அம்மா மௌத்தான (இறந்த) பிறகு முதல் தடவையாகப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். ஸஜ்தாவில், நெற்றியைத் தரையில் வைத்தபோது, அழுகை அடங்கவே இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர் விரலை நீட்டி என் நெற்றியோர முடியை முக்காட்டுக்குள் தள்ளினார். தொழுகைக்கு நடுவிலேயே! ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும், "முடி தெரிந்தது. தொழுகை கூடாது. திரும்பத் தொழு" என்றார். என் முகமே நனைந்திருந்தது. அவர் கண்ணில் பட்டது முடி மட்டும்தான்.

நூலேணி
மழைத்துளி, ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பிரிவு) ஓர் உறுப்பில் கால்வாசிக்குக் குறைவாகத் தெரிந்தால் தொழுகை முறியாது. ஷாஃபி மத்ஹபில் இதைவிடக் கண்டிப்பு. நீங்கள் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்மேகம், அடுத்த முறை யாராவது கேட்டால் குர்ஆனிலிருந்து சொல்லுங்கள். 24:31 (24ஆம் அத்தியாயம், 31ஆம் வசனம்) பெண்களை முக்காட்டை மார்பின் மேல் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு முந்திய 24:30, பார்வையைத் தாழ்த்தும்படி ஆண்களிடம்தான் முதலில் பேசுகிறது. அழகை வெளிக்காட்ட வேண்டாம் என்னும்போது 24:31இல் "வெளியே தெரிவதைத் தவிர" என்று வரும் இடத்துக்கு முகமும் கைகளும் என்பது இப்னு அப்பாஸ் சொன்னதாக வரும் விளக்கம். மேலாடை என்பது இப்னு மஸ்ஊத் சொன்னது. நபித்தோழர்கள் காலத்திலேயே இரண்டு விளக்கம் இருந்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டால் யார் கேட்டாலும் தடுமாற வேண்டாம்.

என் அனுபவம் சின்னதுதான். ஒரு பயான் (மார்க்கச் சொற்பொழிவு) முழுக்கப் பெண்களின் உடை பற்றியே பேசினார்கள். 24:30 வரவே இல்லை. திரும்பி வரும்போது என் மகள், "அத்தாவுக்கு (அப்பாவுக்கு) ஒன்றும் சொல்ல மாட்டார்களா?" என்று கேட்டாள்.

பெயர் வேண்டாம்
நூலேணி அக்கா, வெண்மேகம் பாடம் கேட்கவில்லை. அவர் தடுமாறவும் இல்லை. உண்மையைச் சொன்னார், எதிரே இருந்தவர் நம்பவில்லை. வசனம் சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பாரா?

நான் ஹிஜாபை எடுத்தவள். காரணத்தை எழுத மாட்டேன். தொழுகையை விடவில்லை, நோன்பையும் விடவில்லை. கூடப் படித்த தோழி ஒருநாள் எதிரே வந்தாள். ஸலாம் சொன்னேன். முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தலையைப் பார்த்தாள், தாண்டிப் போய்விட்டாள். ஸலாமுக்கு அதைவிட அழகாகவோ, குறைந்தது அதேபோலவோ பதில் சொல்லச் சொல்வதும் குர்ஆன்தானே, 4:86? வெண்மேகத்தின் முடிவு அவருடையது என்று ஒத்துக்கொள்கிற நீங்கள் என் முடிவையும் என்னுடையது என்று நம்புவீர்களா?

நூலேணி
ஸலாமுக்குப் பதில் சொல்லாதது தவறுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலையை மறைப்பது கடமை என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றாகவே நிற்கின்றன. உங்கள் முடிவு உங்களுடையது என்று நம்புகிறேன். அது சரி என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

மருதாணி
நான் முகத்தை மூடும் நிகாப் போடுபவள். மக்காவுக்கு உம்ரா பயணம் போனபோது நடந்தது. இஹ்ராமில், அதாவது அந்த வழிபாட்டுக்கான கட்டுப்பாட்டு நிலையில், பெண்கள் நிகாபும் கையுறையும் அணியக் கூடாது என்று புகாரி தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது, அதனால் முகம் திறந்திருந்தது. கஅபாவைச் சுற்றும் தவாஃபில் நல்ல கூட்டம். நாத்தனார் காதருகில் வந்து, "அல்லாஹ்வின் வீட்டிலேயே திறக்கலாம் என்றால் வெளியே எதற்கு மூடுகிறாய்?" என்றார். மூடுவதும் அவனுக்காக, திறந்ததும் அவனுக்காக. சொல்ல வாயெடுத்தேன், கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அறைக்கு வந்த பிறகு அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது.

வெண்மேகம்
மருதாணி அக்கா, நீங்களே பேச்செடுங்கள். அவர் சண்டைக்குக் கேட்டமாதிரி தெரியவில்லை.

நூலேணி அக்கா, மகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? அதை எழுதவே இல்லையே.