லொஜ்பான் பகுப்பான் 'கு' இல்லாவிட்டால் நின்றுவிடுகிறது: உதவி தேவை

வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். 1987இல் உருவாக்கத் தொடங்கிய தருக்க மொழியான லொஜ்பானை நிரலாக்க மொழிகளோடு ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, பைதான் 3.11இல், இலக்கண விதிகளிலிருந்து பகுப்பானை ஆக்கித் தரும் பிளை (PLY) நூலகத்தைக் கொண்டு ஒரு பகுப்பான், அதாவது வாக்கியத்தை இலக்கணப்படி பிரித்தறியும் நிரல், எழுதி வருகிறேன். இம்மாத இறுதியில் வகுப்பில் காட்ட வேண்டும்.

'மி விஸ்கா லே நன்மு கு', அதாவது 'நான் அந்த மனிதனைப் பார்க்கிறேன்', சரியாகப் பகுக்கப்படுகிறது. 'லே' தொடங்கும் தொடரை மூடும் முடிப்புச் சொல்லான 'கு'வை விட்டால், லொஜ்பான் அதை முழுமையாக அனுமதித்தாலும், வாக்கிய இறுதியில் தொடரியல் பிழை வருகிறது. சீ மொழியில் அரைப்புள்ளியை இப்படி விட முடியாது; ஒப்பீட்டின் உயிரே இந்த இடந்தான்.

'கு'வைக் கட்டாயமற்றதாக்கியபோது, அடுத்த சொல்லைச் சேர்ப்பதா, இதுவரை வந்ததை முடிப்பதா என்று பகுப்பான் தீர்மானிக்க முடியாத நகர்த்தல்–சுருக்கல் (shift/reduce) முரண்கள் குவிந்தன. முன்னுரிமை விதிகளும் பயன்படவில்லை. யாக் (Yacc) என்ற பகுப்பான் ஆக்கும் கருவிக்காக எழுதப்பட்ட லொஜ்பான் இலக்கணத்தைப் போல, பிழை வந்தாலும் பகுப்பைத் தொடரவைக்கும் பிழைமீட்பு விதி சேர்த்தால், நீளமான வாக்கியங்களில் அடுத்த சொல்லும் சேர்ந்து தொலைகிறது.

விடுபட்ட 'கு'வைப் பிளை தானாக நிரப்பி, அடுத்த சொல்லை இழக்காமல் பகுப்பைத் தொடரச் செய்வது எப்படி?