காலர் டை, ராஃப்டர் டை: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேவை

மொழிபெயர்ப்புக் குழுவிலிருந்து

அன்பர்களே, டொரோண்டோவில் பழைய வீடு வாங்கும் தமிழருக்கான கூரைப் பரிசோதனைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1920 முதல் 1950 வரை கட்டிய வீடுகள். மரத்தை அந்த இடத்திலேயே அறுத்துக் கூட்டிய கூரைகள். கைமரம் (கூரையின் சாய்மரம்), முகட்டுப்பலகை (கைமரங்கள் சேரும் உச்சிப் பலகை) போன்ற சொற்கள் முடிவாகிவிட்டன. மிச்சம் இரண்டு. எதிரெதிர்க் கைமரங்களைக் கூரை உயரத்தின் மேல் மூன்றிலொரு பங்கில் குறுக்கே பிடிப்பது காலர் டை. கீழ் மூன்றிலொரு பங்கில் பிடிப்பது ராஃப்டர் டை. வரைவில் இரண்டும் ‘குறுக்குச்சட்டம்’ என்றே விழுந்திருக்கின்றன. மேலே ஓர் அறை போட நினைப்பவர் அதை நம்பிக் கீழே இருப்பதை அறுத்துவிடக்கூடும். காலர் டைக்குக் ‘கழுத்துக்கட்டு’ என்று ஒரு பரிந்துரை வந்தது. கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்கும் சொல் வேண்டும்.

தமிழாசிரியர்

கழுத்துக்கட்டா? மாட்டுக்குக் கட்டுவது போலிருக்கிறது. நம்மிடமே சொல் இருக்கிறது: மதலை, அதாவது தாங்குவது. ‘மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை’ (குறள் 449). நெடுநல்வாடையில் புறாக்கள் மாறி மாறி ஒண்டியிருக்கும் ‘மதலைப் பள்ளி’யும் வீட்டு உறுப்புத்தான். வேர் இன்னும் சுவையானது. ‘மதவே மடனும் வலியும் ஆகும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். வலி, அதாவது வலிமை, என்ற பொருளிலிருந்து தாங்குமரம் வந்திருக்கலாம். மடன், அதாவது அறியாமை, என்ற பொருளிலிருந்து குழந்தை வந்திருக்கலாம். ஒரே சொல் வீட்டைத் தாங்குவதையும் வீட்டில் தவழ்வதையும் குறிக்கிறது! மேல்மதலை, கீழ்மதலை என்று வையுங்கள்.

கட்டமைப்புப் பொறியாளர்

> மேல்மதலை, கீழ்மதலை

ஐயா, குறள் சரி, விசை தவறு. மதலை தாங்குவது, அமுக்கத்தில் நிற்பது. ராஃப்டர் டை எதையும் தாங்குவதில்லை, இழுத்துப் பிடிக்கிறது. பனி ஏறும்போது கைமரங்களின் அடி வெளிப்புறம் நழுவப் பார்க்கும். பழைய வீட்டு முகட்டுப்பலகை பெரும்பாலும் ஓர் அங்குலத் தடிப்புத்தான்; கைமரங்களை எதிரெதிரே வைத்து அடிக்க ஒரு துணை, அவ்வளவே. விரிவைத் தடுப்பது கீழ்க்கட்டு (ராஃப்டர் டை) மட்டும். பல வீடுகளில் கைமரத்துக்கு இணையாக ஓடும் உட்கூரைச் சட்டங்களே, கைமர அடியோடு ஆணியடித்துச் சேர்ந்திருந்தால், அந்த வேலையைச் செய்யும். சட்டங்கள் குறுக்குவாட்டில் ஓடினால் பிடிப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு வேறு கட்டு இருக்கிறதா என்று தேட வேண்டும். மேலே உள்ள காலர் டை, காற்று தூக்கும்போது முகட்டு மூட்டு பிரியாமல் காக்கும். சுவர் விரிவதை அது தடுக்காது. கழுத்தில் பிடித்தால் கால் நழுவாமல் இருக்குமா?

கையேட்டில் சொல்லோடு அறிகுறியும் வரட்டும். முக்கோணச் சுவருக்கு முக்கோணச் சுவர் முகட்டடியில் நூல் இழுத்து, நடுவில் எத்தனை அங்குலம் தொய்வு என்று அளக்கவும். கைமர அடிக்கும் சுவர் உச்சிக் கட்டைக்கும் இடையே புது இடைவெளி, மேல்மாடியில் சுவரும் உட்கூரையும் சேரும் மூலையில் நீள வெடிப்பு, வெளிச்சுவர் மேலே பிதுங்கியிருப்பது: மூன்றும் சேர்ந்தால் கீழ்க்கட்டு இல்லை, அல்லது யாரோ அறுத்திருக்கிறார்கள்.

தமிழாசிரியர்

இழுத்தாலென்ன, தாங்கினாலென்ன, சார்பு சார்புதானே. விசைக்கொரு சொல் என்றால் அகராதி போதாது.

வீட்டுப் பரிசோதகர்

அண்ணை, மதலை என்று எழுதினால் எங்கட சனம் பிள்ளை பெறுகிற விசயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடும். கூரைப் பாரத்தைக் கீழே இறக்கும் சாய்காலுக்கு வேண்டுமானால் பொருந்தும். அதற்கும் ‘முட்டு’ இருக்கிறது. முட்டுக்கொடுப்பது எல்லாருக்கும் தெரியும்.

அட்டிக்குக்குப் ‘பரண்’ வேண்டாம். பரண் சாமான் ஏற்றும் இடம். மச்சு என்றால் பலகைத் தளம் இருக்கிறது என்று நினைத்துக் கால் வைப்பார்கள். இங்கே சட்டத்துக்கு நடுவில் மிதித்தால் கால் கீழறைக்குள் தொங்கும். ‘கூரைவெளி’ போதும்.

அந்தப் பக்கத்தில் இதையும் சேருங்கள்: கூழாங்கல் போலப் பளபளக்கும் வெர்மிகுலைட் என்ற கனிம வெப்பக்காப்பைக் கண்டால் கிளறாமல் இறங்கி வரவும், அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஆய்வுக்கூடம் பார்த்துச் சொல்லட்டும். பீங்கான் குமிழில் ஓடும் பழைய மின்கம்பிமேல் காப்பைக் கொட்டக்கூடாது. பலகையில் ஆணி முனைகளைச் சுற்றிக் கருவளையம் இருந்தால் உடனே ஓடு ஒழுகுகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். ஈரக்காற்றும் காரணமாகலாம்; குளியலறை விசிறியின் குழாய் கூரைவெளிக்குள்ளேயே முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கறுத்த மரத்தைத் திருப்புளியால் குத்தவும். முனை எளிதாக இறங்கினால் உக்கல், இறங்காவிட்டால் வெறும் கறை.

இன்னொருவர்

‘பிணை’ வைக்கலாமே? மேற்பிணை, அடிப்பிணை. பிணைத்தல் இழுவிசைக்கும் ஒத்துவரும்.

வீட்டுப் பரிசோதகர்

பிணை என்றால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும்.

மொழிபெயர்ப்புக் குழு

நாற்பத்திரண்டு மடல் ஆகிவிட்டது. முகட்டுக்கட்டு, அடிக்கட்டு என்று வைக்கிறோம். ஐந்து பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள். கூரைவெளிக்கு மறுப்பு வரவில்லை. படத்தில் அடிக்கட்டு சிவப்பில், ‘பொறியாளரைக் கேட்காமல் அறுக்காதீர்’ என்ற வரியோடு வரும்.

தமிழாசிரியர்

அச்சிடுங்கள். ஆனால் அடிக்கட்டு என்றால் காசோலைப் புத்தகத்தில் கிழித்தபின் மிஞ்சுவது. மதலைக்கு என் வாக்கு அப்படியே இருக்கிறது.