பெரிய போர் (குழாயின் உள் விட்டம்) உள்ள ட்ரம்பெட் வாங்கினேன், பத்து நிமிடத்தில் உதடு விட்டுப்போகிறது. காரணம் என்ன?

வடசேரி தம்பி:
வணக்கம். நாகர்கோவிலில் எங்கள் சபை பேண்டில் ஆறு வருடமாக ட்ரம்பெட் ஊதுகிறேன். இதுவரை கையில் இருந்தது மாமா கொடுத்த, மீரட்டில் செய்த கருவி. போன மாதம் ஜப்பான் ட்ரம்பெட் ஒன்று பழையதாகக் கிடைத்தது. பி ஃபிளாட், வெள்ளி முலாம், போர் 11.73 மி.மீ. "போர் பெரிசு, சத்தம் கொட்டும்" என்று சொல்லி விற்றார்கள். கீழ் ஸ்வரங்கள் நன்றாகவே வருகின்றன. மேல் ஜி-யைத் தாண்டினால் ஒன்றும் நிற்பதில்லை, காற்று எங்கேயோ கரைந்து போகிறது. மீரட் கருவியில் ஊர்வலம் முழுக்க ஊதுவேன், இதில் பத்து நிமிடத்தில் உதடு விட்டுவிடுகிறது. மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) இரண்டுக்கும் அதே பழைய 7சி அளவுதான். போர்தான் காரணமா?

கொம்பு ரசிகன்:
பெரிய போருக்கு மூச்சு அதிகம் வேண்டும். 11.65 உள்ளதற்கு மாறிவிடுங்கள்.

பழைய பேண்ட்காரன்:
தம்பி, அவசரப்பட்டு விற்றுவிடாதே. நான் 28 வருடம் போலீஸ் பேண்டில் ஊதியவன், இப்போது வீட்டில் பழுது பார்க்கிறேன். 11.65-க்கும் 11.73-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடி கனம். வாய்க்கு அது தெரியும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து நிமிடத்தில் உதட்டைக் கவிழ்க்கிற அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது. மூச்சு போகிற வழியில் மிகக் குறுகலான இடம் மவுத்பீஸின் தொண்டை. மவுத்பீஸ் செய்யும் பாக் கம்பெனியின் வழக்கமான அளவு 3.66 மி.மீ. அங்கே நெருக்கித்தான் காற்று உள்ளேயே போகிறது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள். ஊதிய காற்று வெளியே கொட்டுவதால் ஸ்வரம் பிறப்பதில்லை. சுமார் 1.48 மீட்டர் குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்கிறது. அந்த அதிர்வில் ஒரு பகுதி, பெல் (கருவியின் அகன்ற வாய்) விரிகிற இடத்தில் திரும்பி வந்து உதட்டைத் தாங்குகிறது. மேலே போகப் போக அந்தத் தாங்கல் மெலிந்துகொண்டே வரும். வழியில் ஒரு கசிவோ படியோ இருந்தால் முதலில் விழுவது மேல் ஸ்வரம்தான். நீ சொல்கிற அடையாளம் அப்படியே இதுதான்.

மூன்று இடம் பார். வால்வை அழுத்தாமல் இரண்டாவது வால்வின் ஸ்லைடை (பக்கத்தில் கழற்றக்கூடிய வளைகுழாய்) வெடுக்கென்று இழு. "பொக்" என்று சத்தம் வந்தால் வால்வு இறுக்கமாக இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கசிகிறது.

அடுத்து, ஸ்லைடைக் கழற்றிய அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து, இரண்டாவது வால்வை முழுக்க அழுத்திப் பார். உள்ளே முழு வட்டம் தெரிய வேண்டும். ஓரத்தில் பிறை நிலா மாதிரி உலோகம் தெரிந்தால் துளைகள் நேராக இல்லை. விரல் வைக்கும் பொத்தானுக்கு அடியில் உள்ள ஃபெல்ட் (கம்பளி வளையம்) நசுங்கிப்போயிருக்கும், வால்வு அளவுக்கு மேல் இறங்குகிறது என்று அர்த்தம். நான் பார்த்த பழைய கருவிகளில் பாதிக்கு வியாதி இதுதான். புது ஃபெல்ட் போட்டதும் "வேறு ட்ரம்பெட் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

கடைசியாக மவுத்பீஸ். லீட்பைப்பில் (மவுத்பீஸ் நுழையும் முதல் குழாய்) சொருகி லேசாக ஆட்டிப் பார். மீரட் கருவியோடு வந்ததென்றால் தண்டின் சரிவு இதற்குப் பொருந்தாமல் இருக்கலாம். சுமார் 2.5 செ.மீ. உள்ளே போய் இறுக வேண்டும்.

கொம்பு ரசிகன்:
ஐயா, வெள்ளி முலாம் பூசினால் ஓசை கூர்மையாகும் என்கிறார்களே?

பழைய பேண்ட்காரன்:
ஒரே மாடலில் வெள்ளி முலாமும், லாக்கர் என்ற மெருகுப் பூச்சும் உள்ளவற்றை ஊதியிருக்கிறேன். எனக்குக் கையில் லேசாக வேறு மாதிரி இருந்தது. எதிரே நின்ற நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெல் விரிகிற விதம், தகட்டின் கனம், லீட்பைப்பின் சரிவு, இவை பேசுகிற அளவுக்கு முலாம் பேசாது. செம்பு கூடுதலாக உள்ள கோல்ட் பிராஸ் பெல் கொஞ்சம் இதமாக இருக்கும் என்பது என் காது சொல்வது. தம்பி இப்போது அதையெல்லாம் யோசிக்க வேண்டாம்.

வடசேரி தம்பி:
ஐயா, பார்த்துவிட்டேன். "பொக்" நன்றாக வந்தது, வால்வில் கசிவில்லை. ஆனால் டார்ச்சில் மேல் ஓரமாக அந்தப் பிறை தெளிவாகத் தெரிகிறது. மவுத்பீஸும் ஆடுகிறது, பாதி ஆழத்திலேயே நிற்கிறது. நண்பரின் யமஹா மவுத்பீஸைக் கடன் வாங்கி ஊதினேன். மேல் ஏ, உதட்டில் வைத்து அழுத்தாமலே நின்றது. அதே கருவியா என்று அம்மா எட்டிப் பார்த்தார்கள். ஃபெல்ட் எவ்வளவு கனம் வாங்க வேண்டும்?

பழைய பேண்ட்காரன்:
கனத்தைக் கணக்குப் போட்டு வாங்காதே. இருப்பதற்கு அடியில் காகித வளையங்களை ஒவ்வொன்றாக வை, பிறை மறையும்வரை. மறைந்ததும் மொத்தத்தையும் அளந்து அந்தக் கனத்தில் வாங்கு. மற்ற இரண்டு வால்வுக்கும் தனித்தனியாகப் பார், பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி உதவும்.