ஜெராக்ஸில் நடந்தது திருட்டா, வியாபாரமா?

வடசென்னை சர்வீஸ்காரன்:
நேற்று ஒரு மேனேஜ்மென்ட் புலி இங்கே எழுதியிருந்தார்: "ஜெராக்ஸ் தன் ஆய்வகத்தைத் திறந்து காட்டியது, ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் படங்களும் ஜன்னல்களும் கொண்ட கம்ப்யூட்டர் திரை யோசனையைத் திருடிக்கொண்டு போனார். அதனால் சொந்தக் கம்பெனிக்குள்ளேகூட யாருக்கும் எதையும் முழுசாகச் சொல்லித் தராதீர்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எது திருட்டு? 1979இல் ஆப்பிளின் 1 லட்சம் பங்குகளை, பங்கு 10 டாலர் என்று, ஜெராக்ஸ் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்தப் பேரத்தில்தான் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தின் கதவு திறந்தது. வியாபாரம் சார், வியாபாரம்.

கோவை எம்பிஏ:
அந்தப் புலி நான்தான். பங்கு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆய்வகத்தில் இருந்த விஞ்ஞானி அடேல் கோல்ட்பெர்க் காட்டவே மாட்டேன் என்று சண்டை போட்டார். மேலிடத்து உத்தரவு வந்த பிறகுதான் காட்டினார். 1989இல் ஜெராக்ஸே ஆப்பிள் மேல் வழக்குப் போட்டது. வியாபாரம் என்றால் வழக்கு எதற்கு?

வடசென்னை சர்வீஸ்காரன்:
வழக்குப் போட்டது தெரிகிறது. அடுத்த வருஷமே கோர்ட் அதில் பெரும்பகுதியைத் தள்ளியது மட்டும் தெரியவில்லை. திரும்பச் சொல்கிறேன்: 1 லட்சம் பங்கு. 10 டாலர்.

தஞ்சைத் தம்பி:
அண்ணே, மவுஸே ஜெராக்ஸ் சரக்கு இல்லையே. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968லேயே மேடையில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். திருட்டுக் கணக்கு எடுத்தால் ஜெராக்ஸும் மாட்டும்.

கோவை எம்பிஏ:
தம்பி, மவுஸை யார் கேட்டார்? ஆய்வகத்தில் டெமோ காட்டியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் 1980இல் ஆப்பிளுக்கே போய்விட்டார். இதற்கு எந்தப் பங்குக் கணக்கு?

வடசென்னை சர்வீஸ்காரன்:
ஏன் போனார்? சொந்த வீட்டில் கேட்க ஆள் இல்லை. 1973இல் அந்த ஆய்வகத்தில் ஆல்ட்டோ கம்ப்யூட்டர் தயார். அதை வைத்து ஸ்டார் என்ற கம்ப்யூட்டர் கடைக்கு வந்தது 1981இல், விலை 16,000 டாலருக்கு மேல். லேசர் பிரிண்டர் கதையையும் கேளுங்கள். கேரி ஸ்டார்க்வெதர் அந்த யோசனையைச் சொன்னபோது நியூயார்க் மாநிலத்து ஜெராக்ஸ் ஆய்வகத்தில் மேலதிகாரி வேண்டாம் என்றார். அவர் பாலோ ஆல்டோவுக்கு மாறிப் போய்த்தான் செய்து முடித்தார். 1977இல் 9700 என்ற லேசர் பிரிண்டர் வந்தது, பணம் கொட்டியது. கதவை மூடிய இடத்தில் செத்திருக்கும், திறந்த இடத்தில் பிழைத்தது. அப்புறம் அதே ஜெராக்ஸில் ரிப்பேர்க்காரர்கள் தங்கள் வைத்தியத்தை எழுதிவைக்க யுரேக்கா என்று ஒரு கம்ப்யூட்டர் தொகுப்பு செய்தார்கள். குறிப்பு எழுதியவர் பெயரும் கூடவே இருந்தது.

நானும் காப்பியர் ரிப்பேர்க்காரன்தான். பேப்பர் சிக்கினால், சென்சாரைப் பார் என்னும் மேனுவல். எங்கள் சீனியர், முதலில் பேப்பரை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துப் பார் என்பார். அதை டீக்கடையில் சொன்னார், பவர்பாயிண்டில் இல்லை.

கோவை எம்பிஏ:
ரோலர் துடைப்பதும் ஆராய்ச்சியும் ஒன்றா? நான் ட்ரெயினிங் கொடுத்து ஆளாக்கிய பையன் எக்ஸெல் ஃபைல்களை அப்படியே அள்ளிக்கொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போனான். வலி உங்களுக்குத் தெரியாது.

வடசென்னை சர்வீஸ்காரன்:
ஆக, ஒரு எக்ஸெல் ஃபைலுக்காக ஸ்டீவ் ஜாப்ஸைத் திருடன் ஆக்கினீர்கள்! ரோலர் துடைப்பவன் என்று இளக்காரம் வேறு. ஆபீஸ் மெஷின் நின்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?

மயிலை மாமி:
இரண்டு பேரும் போன மாசம் கோடாக் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள். கோடாக் எஞ்சினியர் ஸ்டீவ் சாசன் 1975இல் டிஜிட்டல் கேமரா செய்தார் என்பதிலிருந்து ஆரம்பித்து யார் எந்தக் காலேஜ் என்பதில் போய் நின்றது.

கோவை எம்பிஏ:
மாமி, அங்கே காலேஜை இழுத்தது நான் இல்லை.

வடசென்னை சர்வீஸ்காரன்:
நீங்கள்தான் இழுத்தீர்கள், ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அது கிடக்கட்டும், 1 லட்சம் பங்குக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோவை எம்பிஏ:
சொல்லியாச்சு. கோல்ட்பெர்க் வேண்டாம் என்றார். மேலே போய்ப் படியுங்கள்.

தஞ்சைத் தம்பி:
அண்ணே, அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்களேன்.