புழல் ஏரியைக் "கட்டியது" யார்?

செங்குன்றத்துக்காரர்:
புழல் ஏரியை 1876-இல் ஆங்கிலேயர் கட்டினார்கள் என்று நேற்று ஒருவர் எழுதியதையும், அதற்கு விழுந்த பாராட்டுகளையும் கண்டு பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணைகட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழலுக்கும் திருப்பி, கீழ்ப்பாக்கம் வரை கால்வாயில் இறக்கிய திட்டம் 1872-இலேயே சென்னைக்குத் தண்ணீர் தந்துவிட்டது. பிறக்காத ஏரியிலிருந்து நான்கு ஆண்டுகள் தண்ணீர் வந்ததா?

கலிங்கு:
எழுதியவன் நான்தான், "ஒருவர்" என்று மறைப்பானேன்? பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஃபிரேசர் 1866-இல் இத்திட்டத்தை வகுத்திராவிட்டால், அது இன்றும் நான்கு வயலுக்குப் பாயும் சிற்றேரியாகவே கிடந்திருக்கும். இன்று 330 கோடி கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் அது. 1876 என்பதில் மாற்றமில்லை.

மடைக்காரன்:
சிற்றேரி இருந்தது என்று நீங்களே எழுதிய பிறகு "கட்டினார்கள்" எப்படி நிற்கும்? பெரிதாக்கினார்கள் என்று எழுதுங்கள். தொண்டை மண்டலத்தின் பழைய ஆட்சிப் பிரிவுகளான 24 கோட்டங்களில் ஒன்றுக்கே பெயர் தந்த புழல், ஏரி வெட்ட விக்டோரியா மகாராணிக்காகவா காத்திருந்தது?

கலிங்கு:
கோட்டத்தின் பெயர் கரையின் வயதுக்குச் சான்றாகாது. செம்பரம்பாக்கம் விவாதத்திலும் கல்வெட்டுப் படம் போடுவதாகச் சொன்னீர்கள். ஆறு மாதமாகக் காத்திருக்கிறோம்.

மடைக்காரன்:
அந்த விவாதத்தில் நீரைத் திறந்துவிடும் மதகுக்கும் மிகைநீர் வழியும் கலிங்குக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதியவர், அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டு திரிவதுதான் வேடிக்கை.

கீழ்ப்பாக்கம்வாசி:
ஆண்டுச் சண்டையை விட்டுப் பொறியியலைப் பாருங்கள். நீரை ஏற்ற இயந்திரம் எதுவுமின்றி, நிலத்தின் சாய்வை மட்டும் நம்பிக் கீழ்ப்பாக்கத்துச் செங்கல் தொட்டிக்கு வந்த நீர், அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் ஊருக்குள் பிரிந்தது. ஆனால் அது வந்த வழி மூடியில்லாத மண் கால்வாய், வடிகட்டலும் இல்லை. மூடிய கால்வாயும் மணல் வடிகட்டிகளும் 1914-இல், பொறியாளர் மேட்லியின் காலத்தில்தான் வந்தன. 42 ஆண்டுகள் சென்னை குடித்தது வடிகட்டாத ஏரித் தண்ணீர். இதில் எவர் பெருமை பேசுவது?

கலிங்கு:
வடிகட்டியைப் பற்றி இங்கே எவரும் கேட்கவில்லை. கேட்டதாகவே கொண்டாலும், மேட்லியும் ஆங்கிலேயர்தான் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள். திறந்த கால்வாயோ மூடிய கால்வாயோ, அதற்கு முன் இந்நகரம் கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்தது. ஊர் முழுவதற்கும் குழாய் போட்டவர் எவர் என்பதுதான் கேள்வி. ஏரி 1876-ஐச் சேர்ந்தது.

செங்குன்றத்துக்காரர்:
சற்றுமுன் வரை கேள்வி ஏரியைப் பற்றியது. இப்போது குழாய்க்குப் போய்விட்டீர்கள். 1872-க்கு விடை சொல்லுங்கள்.

கலிங்கு:
விடை மேலேயே இருக்கிறது, படிக்கப் பொறுமை வேண்டும். கொசஸ்தலையாறு என்று எழுதுகிறவருக்கு ஆற்றின் சரியான பெயர் கொற்றலையாறு என்பதே தெரியவில்லை. ஏரியின் வயதைப் பற்றி அவரிடம் நான் என்ன பேசுவது?

மடைக்காரன்:
குசத்தலை என்றும் வழங்குவதுண்டு.